ஒரு பூவின் உரிமை

பூ யாருக்காக மலர்கிறது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்குக் கவிஞர்களின் பொழுதுபோக்காகவே தோன்றும். வயிற்றுக்குச் சோறும் தலைக்குக் கூரையும் கேட்டு மக்கள் போராடிக்கொண்டிருக்கும் உலகிலே பூவைப் பற்றிப் பேசிக் காலம் கழிப்பது தகுமா என்று, சமுதாய நோக்குடைய நண்பர்களே எம்மைக் கேட்பதுண்டு. அக்கேள்வி நேர்மையானது. அதனைத் தட்டிக்கழித்துவிட்டு அழகை ஆராதிக்கப் புறப்படுவது எமது நோக்கமன்று. ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ஓர் உயிர் தனக்காக வாழ்கிறதா, பிறருடைய தேவைக்காகப் படைக்கப்பட்டதா என்ற வினாவைப் பூவைக் குறித்து எழுப்புகிறவன், நாளடைவில் அதே வினாவை மனிதனைக் குறித்தும் எழுப்பியே தீரவேண்டியவனாகிறான். இரண்டு வினாக்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இவ்வுண்மையை ஒரு காட்டுப் பூவின் வரலாற்றைக் கொண்டு விளக்க முயல்வோம்.

இந்து சமுத்திரத்தின் மேற்குப் புறத்தில், ஆபிரிக்கக் கண்டத்துக்கு அருகே கிடக்கும் பெருந்தீவு மடகஸ்கார். அதன் கிழக்குக் கரை மழை மிகுந்தது. கடற்காற்று வந்து மோதும் அக்கரையோரத் தாழ்நிலக் காடுகளிலும், கரைக்கு எதிரே நீண்டு கிடக்கும் செயின்ற் மேரி என்னும் சிறு தீவிலும் ஓர் ஓர்க்கிட் செடி வளர்கிறது. தாவரவியலார் அதற்கு இட்ட பெயர் அங்கிரேக்கம் செஸ்குவிபெடேல். முதற்சொல், மலாய் மொழியில் ஓர்க்கிட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமைந்தது. இரண்டாம் சொல்லுக்கு ‘ஒன்றரை அடி நீளமுள்ள’ என்பது பொருள்.

மரப்பட்டையைத் தடித்த வேர்களாற் பற்றிக்கொண்டு, மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பெற்று இச்செடி வாழ்கிறது. மரத்தின்மேல் வளர்வதையெல்லாம் புல்லுருவி என்று எண்ணிவிடுவது எம்மவர் வழக்கம். இது புல்லுருவியன்று. தன்னைத் தாங்கும் மரத்தின் சாற்றை இது உறிஞ்சுவதில்லை. இருக்க இடம் மட்டுமே கேட்கிறது. இத்தகையவற்றை மேலொட்டிகள் என்று எமது பாடநூல்கள் கூறும். யூன் மாதம் முதல் செத்தெம்பர் வரையுள்ள குளிர்ந்த மாதங்களில் இது தன் காட்டிலே பூக்கிறது. விரியும்போது பச்சைச் சாயலுடன் தோன்றும் இதழ்கள் பின்னர் மெழுகுபோன்ற வெண்மையை அடைகின்றன. பூவின் வடிவம் விண்மீன். மணம் கமழ்வது இரவில். பூவின் பின்புறத்திலிருந்து மெல்லிய குழல் ஒன்று வால்போலத் தொங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ ஓர் அடி. தேன் இருப்பதோ அக்குழலின் அடிப்பகுதியில் மாத்திரமே.

ஓர்க்கிட்டின் விதை தூசியைப் போன்று மிகச் சிறியது. நெல்மணியினுள்ளே முளைக்கு வேண்டிய உணவு சேமித்து வைக்கப்பட்டிருப்பதுபோல இவ்விதையினுள்ளே எதுவும் இல்லை. மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் ஒருவகைப் பங்கசு வந்து சேர்ந்து ஊட்டினாலன்றி அது முளைக்காது. இதனை 1899ஆம் ஆண்டில் நோயல் பேர்ணார் என்ற பிரெஞ்சுத் தாவரவியலார் கண்டறிந்தார். ஆக, இப்பூவின் வாழ்வுக்கு நிற்க ஒரு மரம், முளைக்க ஒரு பங்கசு, சூல்கொள்ள ஒரு பூச்சி ஆகிய மூன்று துணைகள் வேண்டும். இம்மூன்றினுள் மனிதன் இல்லை என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்வாராக.

இப்பூவை டு பெற்றி துவார் என்ற பிரெஞ்சுக்காரர் 1798இல் கண்டுபிடித்தார் என்றும், 1822இல் அதனை விவரித்து வெளியிட்டார் என்றும் ஐரோப்பியர் எழுதிய நூல்கள் கூறுகின்றன. ‘கண்டுபிடித்தார்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குதல் நன்று. அக்காட்டிலே வாழ்ந்த மக்களின் தலைக்கு மேலே ஆண்டுதோறும் பூத்த பூ, ஐரோப்பியர் ஒருவரின் ஏட்டிலே ஏறும் வரையில் ‘அறியப்படாத’ பூவாகவே இருந்தது! 1855இல் வில்லியம் எல்லிஸ் என்ற மிசனரியார் உயிருள்ள செடிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். 1857இல் அங்கே கண்ணாடி வீட்டிற்குள் அது பூத்தது. வடநாட்டில் நத்தார்க் காலத்தை ஒட்டி அது பூப்பதைக் கண்டவர்கள் ‘பெத்லெகேம் நட்சத்திரம்’ என்று பெயர் சூட்டினர். பருவம் மாறியது; பெயர் மாறியது; செல்வர்களின் உடைமையாகவும் அது மாறியது.

அச்செல்வர்களுள் ஒருவரான ஜேம்ஸ் பேற்மன், 1862ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இப்பூக்கள் சிலவற்றைச் சார்ள்ஸ் டார்வினுக்கு அனுப்பினார். டார்வின் குழலை அளந்து பார்த்தார். பதினொன்றரை அங்குலம் இருந்தது. அதன் அடியில் ஒன்றரை அங்குலத்துக்கே தேன் நிறைந்திருந்தது. எந்தப் பூச்சியும் எட்டிப் பிடிக்க முடியாதது போன்ற ஆழத்தில் பூ எதற்காகத் தேனை வைத்திருக்கிறது? மெல்லிய உருளைகளைக் குழலினுள்ளே செலுத்திப் பார்த்து, ஒரு பூச்சி தன் தலையைப் பூவின் வாயிலே அழுத்தினால்தான் மகரந்தத் திரள் அதில் ஒட்டும் என்பதை அவர் அறிந்துகொண்டார். அவ்வாறாயின், பத்துப் பதினோர் அங்குல நீளத்துக்கு நீளக்கூடிய உறிஞ்சு நாக்குடைய அந்துப்பூச்சி ஒன்று மடகஸ்காரில் இருந்தே ஆகவேண்டும் என்று அவ்வாண்டிலேயே வெளிவந்த தமது ஓர்க்கிட் நூலில் எழுதினார். பூச்சியியலார் சிலர் இதைக் கேட்டு நகைத்தனர்.

நகைக்காமல் மறுத்தவர் ஒருவர் இருந்தார். ஆர்கைல் கோமகன் என்ற பிரபு, 1867இல் வெளியிட்ட ‘சட்டத்தின் ஆட்சி’ என்னும் நூலில், இத்துணை நுட்பமான அமைப்பு ஒரு பேரறிவின் திட்டமின்றித் தோன்றியிருக்க முடியாது என்றும், அழகும் அலங்காரமும் படைப்பின் நோக்கங்களே என்றும் வாதித்தார். அவர் கல்வியறிவு மிக்கவர். அடுத்த ஆண்டில், அதாவது 1868இல், இந்தியாவுக்கான அரசச் செயலாளர் பதவியை ஏற்று 1874 வரை வகித்தவர். அவருடைய வாதம் மடமையானதன்று. பல தலைமுறைகளாக உலகின் சமயங்கள் பலவும் ஏறத்தாழ அவ்வாறே சிந்தித்து வந்துள்ளன.

அதே ஆண்டில் அல்பிரட் றசல் வாலஸ் அதற்கு விடையிறுத்தார். நீண்ட நாக்குடைய பூச்சிக்குத் தேன் மிகுதியாகக் கிடைக்கிறது. நீண்ட குழலுடைய பூவோ பூச்சியைத் தன்மேல் அழுந்த வைத்து மகரந்தத்தை மிகுதியாகப் பரப்புகிறது. தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று நீளச் செய்தவாறு இரண்டும் வளர்ந்து வந்துள்ளன. திட்டமிட்டவன் ஒருவன் இதற்கு வேண்டியதில்லை. இயற்கைத் தேர்வே போதும். இவ்வாறு கூறிய வாலஸ், ஆபிரிக்கப் பூச்சியொன்றின் ஏழரை அங்குல நாக்கைத் தாம் அளந்ததையும் எடுத்துக்காட்டி, நெப்டியூன் கோளை வானியலார் எத்துணை உறுதியுடன் தேடினரோ அத்துணை உறுதியுடன் இந்த அந்துப்பூச்சியையும் தேடலாம் என்றார். கணக்கை நம்பித் தேடி 1846இல் காணப்பட்டது நெப்டியூன்.

1903இல் றொத்சைல்ட், ஜோர்டன் என்னும் இருவர் மடகஸ்காரின் அந்துப்பூச்சியை விவரித்து, ‘முன்கூட்டி உரைக்கப்பட்டது’ என்ற பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். டார்வின் இறந்து அப்போது இருபத்தோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. அப்பூச்சி இப்பூவிலே தேனருந்தி மகரந்தத்தைக் கொண்டுசெல்வதை 1992இல்தான் மனிதர் நேரிற் கண்டனர். 2021இல் ஆய்வாளர் அதனைத் தனியினம் என நிறுவினர். அவர்கள் அளந்த பூச்சிகளுள் ஒன்றின் நாக்கு 28.5 சென்ரிமீற்றர் நீண்டது. பூவில் மறைந்திருந்து பூச்சியைப் பிடிக்கும் சிலந்திகளிடமிருந்து எட்டி நிற்பதற்கே முதலில் நாக்கு நீண்டது என்று வேறு விளக்கம் தரும் அறிஞரும் இன்று உளர். அவ்விவாதம் தொடரட்டும். பூவும் பூச்சியும் ஒன்றையொன்று நம்பி வாழ்கின்றன என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இனி எமது வினாவுக்கு வருவோம்.

இவ்வரலாற்றை அறிவியலின் வெற்றியாகப் பாராட்டி நிறுத்திக்கொள்வது எளிது. பள்ளிக்கூடங்களில் நாம் அவ்வாறே கற்பிக்கிறோம். ஆனால் இதில் அறத்தைப் பற்றிய செய்தியொன்றும் உண்டு. இப்பூவின் வெண்மை எமது கண்ணுக்காக ஏற்பட்டதன்று. இருளிலே பறக்கும் பூச்சியின் கண்ணுக்காக ஏற்பட்டது. அதன் மணம் எமது மூக்குக்காக அன்று. மனிதன் என்றொருவன் பூமியில் தோன்றாதிருந்தாலும் பூக்களும் பூச்சிகளும் இருந்திருக்கும். டார்வின் தமது ‘இனங்களின் தோற்றம்’ நூலின் பிந்திய பதிப்புகளில் இதனை வெளிப்படையாகவே கூறினார். அக்கூற்று, உலகம் தனக்காகப் படைக்கப்பட்டது என்ற மனிதனின் நெடுநாள் நம்பிக்கைக்கு விழுந்த அடியாகும்.

அவ்வடியை நாம் ஏன் வரவேற்க வேண்டும்? ‘எல்லாம் எனக்காக’ என்று எண்ணப் பழகிய மனம், ‘எல்லாரும் எனக்காக’ என்று எண்ணுவதற்கு நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. உயர்ந்தவனுக்காகத் தாழ்ந்தவன், வெள்ளையனுக்காகக் கறுப்பன், ஆணுக்காகப் பெண், முதலாளிக்காகத் தொழிலாளி என்று அடுக்கிக்கொண்டு போகும் ஏணியின் அடிப்படியில் பூவும் புழுவும் கிடக்கின்றன. ஏணியின் உச்சியில் நிற்பவன் அதனை இயற்கையின் ஒழுங்கு என்பான். சில வேளைகளில் இறைவனின் கட்டளை என்றும் கூறுவான். மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் எழுதினார் ஜேர்மன் தத்துவஞானி காண்ட். அது உயர்ந்த வாக்கு. ஆனால் அவர் பகுத்தறிவுடையோரைச் சுற்றிக் கோடு கிழித்து, அதற்கு வெளியே உள்ளவற்றையெல்லாம் பொருள்கள் என்று ஒதுக்கினார். ஏதோ ஓரிடத்தில் கோடு கிழித்தபின், அந்தக் கோட்டை உட்புறமாக நகர்த்திச் சில மனிதரையும் வெளியே தள்ளிவிட ஆளும் வர்க்கத்தார் என்றும் தயங்கியதில்லை.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. பெரியம்மைக் கிருமியும் எமக்காகத் தோன்றியதன்று; அதுவும் தனக்காகவே வாழ்ந்தது. அதனை மனிதகுலம் திட்டமிட்டு ஒழித்தது. 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அது பாவச் செயலா? இல்லை, பெரும் புண்ணியச் செயல். அவ்வாறாயின், ஓர் உயிர் தனக்காக வாழ்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து, அதற்கு வாழும் உரிமை உண்டு என்று எவ்வாறு கூறலாம்?

மறுப்பு நியாயமானதே. தனக்காக வாழ்வது எவ்வுயிர்க்கும் எல்லையற்ற உரிமையைத் தந்துவிடாது என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அது ஒன்றைத் தருகிறது. நியாயம் காட்டவேண்டிய பொறுப்பை அது அழிப்பவன் தலையில் வைக்கிறது. ‘நீ எனக்கு என்ன பயன்?’ என்று பூவிடம் கேட்க எமக்கு உரிமையில்லை. ‘உன்னை அழிக்க எனக்கு என்ன தேவை?’ என்று எம்மையே நாம் கேட்க வேண்டும். பெரியம்மையின் முன்னே இவ்வினாவுக்கு மறுக்கமுடியாத விடை இருந்தது. மரணப் படுக்கையிற் கிடந்த குழந்தைகளே அவ்விடை. தேவை வேறு, இலாபம் வேறு. தேவையைக் காட்டி அழிப்பவனையும் இலாபத்துக்காக அழிப்பவனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. இது பூவுக்கு மட்டுமன்றி மனிதனின் உழைப்புக்கும் பொருந்தும் நியாயம்.

மனிதனின் உழைப்பென்று நாம் கூறியதன் பொருளை விளக்க, அதே கடலிலுள்ள வேறொரு தீவுக்கும் வேறொரு ஓர்க்கிட்டுக்கும் செல்லவேண்டும். மடகஸ்காருக்குக் கிழக்கே உள்ள றியூனியன் தீவு அன்று பூர்போன் என்ற பெயருடன் பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்தது. வனிலா என்னும் ஓர்க்கிட் கொடி மெக்சிக்கோ நாட்டுக்குரியது. அதன் காயிலிருந்து பெறும் வாசனைக்கு ஐரோப்பாவில் நல்ல விலை கிடைத்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்கொடியைப் பூர்போனில் நட்டனர். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் பூவை நாடி வரும் தேனீக்கள் மெக்சிக்கோவிலேயே தங்கிவிட்டன. கொடியைக் கப்பலில் ஏற்றியவர்கள் அதன் துணையை ஏற்றவில்லை.

1836இல் பெல்ஜியத்தில் மொரென் என்ற பேராசிரியர் வனிலாவுக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காய் பெற்றார். ஆயினும் அம்முறை தோட்டங்களுக்கு ஏற்றதாக அமையவில்லை. 1841இல் எட்மொன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், மெல்லிய குச்சி ஒன்றினால் பூவினுள்ளே உள்ள தடுப்பை உயர்த்தி, மகரந்தத்தைப் பெருவிரலால் அழுத்திக் குறியிலே சேர்த்துவிடும் வழியைக் கண்டான். சில நொடி வேலை. இன்றும் வனிலாத் தோட்டங்களில் நடைபெறுவது அம்முறையே. அச்சிறுவன் ஓர் அடிமை. பிறக்கும்போதே தாயை இழந்தவன். அவனுக்கு உடைமையென்று ஏதும் இல்லை. அவனே பிறருடைய உடைமை. பிற்காலத்தில் பேர்பெற்ற தாவரவியலார் ஒருவர், அம்முறையைத் தாமே அவனுக்குக் கற்பித்ததாக உரிமை கொண்டாடினார். எட்மொனின் முன்னாள் எசமானர் அதனை மறுத்து, கண்டறிந்தவன் எட்மொனே என்று எழுத்துமூலம் சாட்சி கூறினார். 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது எட்மொன் அல்பியுஸ் என்ற பெயருடன் விடுதலை பெற்றான். பின்னர் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறையிலடைக்கப்பட்டான். வனிலாவுக்கு அவன் செய்த தொண்டைக் கருதித் தண்டனை குறைக்கப்பட்டது. அவன் விரல்களால் ஒரு தீவு செல்வம் ஈட்டியது. அவனோ 1880இல் வறுமையிலேயே இறந்தான்.

இரண்டு ஓர்க்கிட்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று தன் காட்டிலே தன் பூச்சியைக் காத்து இரவிலே மலர்கிறது. மற்றையது தன் துணையிடமிருந்து பிரிக்கப்பட்டு, தன் தாயிடமிருந்து பிரிந்த சிறுவனின் விரலை நம்பி மலர்ந்தது. பூ சந்தைக்காக, சிறுவன் எசமானுக்காக. பூவைத் தனக்காக வாழ விடாத அதே கைதான் மனிதனையும் தனக்காக வாழ விடவில்லை. அடிமைகள் விடுதலை பெற்றபின்னும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போது றியூனியனுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுட் பெருந்தொகையினர் தென்னிந்தியத் தமிழர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கின்றனர். ஆகவே இது யாரோ எவரோ ஒருவரின் கதை என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

வனிலா பின்னர் மடகஸ்காரின் வடகிழக்குக் கரைக்கும் பரவி, இன்று உலகின் வனிலாவிற் பெரும்பகுதி அங்கே விளைகிறது. ஒவ்வொரு பூவையும் அது விரிந்த நாளிலேயே கையால் தொட்டாக வேண்டும். 2018ஆம் ஆண்டளவில் அதன் விலை கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 600 டொலர் வரை ஏறியது. திருடருக்கு அஞ்சி விவசாயிகள் இரவிலே தோட்டத்திற் காவல் கிடந்தனர். பின்னர் விலை வீழ்ந்தது. ஏறுவதையும் வீழ்வதையும் தீர்மானிப்பவர்கள் அக்கொடியின் நிழலையும் கண்டறியாதவர்கள்.

அந்தக் கிழக்குக் கரையே எமது வெண்ணிற விண்மீன் பூவின் தாயகமும் ஆகும். அதனைத் தாங்கிய காடு குறைந்து வருகிறது. 1953க்கும் 2014க்கும் இடையில் மடகஸ்கார் தன் இயற்கைக் காட்டில் நூற்றுக்கு 44 பங்கை இழந்தது என ஆய்வாளர் கணித்துள்ளனர். காட்டை அழிப்பவர் யார் என்று கேட்டால், சுட்டுவிரல்கள் உடனே ஏழை விவசாயியை நோக்கித் திரும்பும். எமது நாட்டுச் சேனைப் பயிர்ச்செய்கையைப் போன்ற ஒரு முறையை அம்மக்கள் ‘தவி’ என்பர். மலைச்சரிவிலே காட்டை வெட்டி, காயவிட்டு எரித்து, சாம்பல் உரமிட்ட நிலத்தில் நெல் விதைப்பார்கள். பின்னர் நிலத்தை ஆறவிட்டு வேறிடம் செல்வார்கள். நிலம் போதியவாறு ஆறினால் காடு மீளும். நிலம் சுருங்கி, வாய்கள் பெருகி, ஆறவிடும் காலம் குறுகும்போது அது மீளாது. பிரெஞ்சுக்காரர் 1896இல் அத்தீவைத் தமது குடியேற்றமாக்கியபின், தவியைக் குற்றமென்று தடுத்தனர். ஆனால் மரத்துக்காகவும் கோப்பி முதலிய ஏற்றுமதிப் பயிர்களுக்காகவும் நிலத்தை எடுத்துக்கொண்டனர். கட்டாய உழைப்பையும் சுமத்தினர். 1947 மார்ச் 29இல் மூண்ட கிளர்ச்சி கிழக்குப் பகுதியிலேதான் பெருந்தீயாகப் பரவியது. ஒடுக்குமுறைக்குத் தப்பியோடிய மக்களுக்கு அக்காடே புகலிடமாயிற்று. 1960இல் நாடு சுதந்திரம் பெற்றது; வறுமை அகலவில்லை.

இங்கேதான் அறத்தின் கடினமான முடிச்சு இருக்கிறது. பூவுக்கு வாழ உரிமை உண்டு என்று நாம் கூறினோம். தன் பிள்ளைக்குச் சோறு வேண்டி ஒரு துண்டுக் காட்டை எரிப்பவனின் முன்னே நின்று அதனைக் கூறுவோமா? ‘உன்னை அழிக்க எனக்கு என்ன தேவை?’ என்ற வினாவுக்கு அவனிடம் விடை உண்டு. அவனுடைய விடை பெரியம்மைக்கு முன் நின்ற மருத்துவனின் விடையைப்போன்றே உண்மையானது. அந்த விடையில்லாதவர்கள் வேறு சிலர். தூரத்துச் சந்தைக்காகக் காட்டு மரத்தை வெட்டி ஏற்றுபவனிடம் அது இல்லை. காட்டிலே வேரோடு பறித்த ஓர்க்கிட்டை அலங்காரத்துக்காக விலைக்கு வாங்குபவனிடமும் இல்லை. பூவின் உரிமையை முதலில் அவர்களிடமே எடுத்துரைக்க வேண்டும்.

முல்லைக் கொடிக்குத் தேர் ஈந்த பாரியை எமது இலக்கியம் பாராட்டுகிறது. கொடியால் அவனைப் புகழ முடியாது. அதனால் அவனுக்கு ஆகவேண்டிய காரியமும் ஏதுமில்லை. பயன் கருதாத இக்கொடையைக் கொடைமடம் என்றனர் முன்னோர். மாணவர்கள் இதைப் படிக்கும்போது நகைப்பதுண்டு. ஒரு பந்தற்கால் நட்டிருந்தாற் போதாதா என்று கேட்பார்கள். கேள்வி நன்றே, ஆயினும் அக்கதையில் நாம் மறக்கலாகாத ஒன்று உள்ளது. பாரி கொடுத்தது தன் தேரை. பறம்புமலையின் உழவன் ஒருவனை அழைத்து, உன் ஏரை முல்லைக்குப் பந்தலாக்கு என்று அவன் கட்டளையிடவில்லை. தேர் உடையவன் தேரைக் கொடுத்தான். உழவனின் ஏர் உழவனிடமே இருந்தது.

இன்று நடப்பது என்ன? காட்டையும் காட்டுப் பூவையும் காக்கவேண்டும் என்ற குரல் செல்வம் மிக்க நாடுகளிலிருந்து எழுகிறது. குரல் உண்மையானதே, அதனை இகழ்வது எமது கருத்தன்று. ஆனால் காப்பதற்குரிய விலையை அவர்கள் யாரிடமிருந்து வாங்குகிறார்கள்? வேலியிட்ட காட்டின் புறத்தே நிற்கும் உழவனிடமிருந்து! தேர் உடையவர்கள் தேரிலிருந்து இறங்காமலே பிறர் ஏரைக் கேட்கிறார்கள். அது பாரியின் அறமன்று. அத்தீவின் மரத்தாலும் கோப்பியாலும் வனிலாவாலும் யார் யார் செல்வம் சேர்த்தார்களோ, அவர்களே முதலில் தரக் கடமைப்பட்டவர்கள். உழவனுக்கு வேறு நிலமும், விளைச்சல் மிகுந்த வயலும், விளைபொருளுக்கு நியாயமான விலையும் கிடைக்குமாயின், காட்டை எரிக்கவேண்டிய தேவை அவனுக்கு இராது. தேவை நீங்கிய இடத்திலேதான் பூவின் உரிமையைப் பற்றி அவனிடம் பேசும் தகுதி எமக்கு உண்டாகும். அப்போது அதனை நாம் அவனுக்குக் கற்பிக்க வேண்டியும் இராது. அக்காட்டோடு எம்மைவிட நெடுங்காலம் வாழ்ந்தவன் அவனே.

சமுதாய நோக்குடைய நண்பர்களுக்கும் இதனாற் கூறவேண்டியது ஒன்றுண்டு. சுரண்டல் ஒழிந்த நாளில், அதுவரை ஒரு சிலருக்காக இருந்த உலகம் இனி மனிதர் எல்லாருக்காகவும் இருக்கும் என்று நாம் பேசிவருகிறோம். அது பெரிய முன்னேற்றமே. ஆனால் அந்நாளிலும் ‘எல்லாம் எமக்காக’ என்ற பழைய எண்ணத்தையே உரிமையாளரை மாற்றி வைத்துக்கொண்டோமாயின், நாம் ஏணியின் உச்சியில் நிற்பவர்களின் தொகையைப் பெருக்கினோமேயன்றி ஏணியை அகற்றினோமல்லோம். மனிதன் பிறர்க்குக் கருவியல்லன் என்ற உண்மைக்கும், உலகம் மனிதனுக்கு வெறும் கருவியன்று என்ற உண்மைக்கும் இடையே பகையில்லை. முன்னதை உள்ளபடி உணர்ந்தவன் பின்னதை மறுக்கத் துணியான்.

கண்ணாடி வீடுகளில் இப்பூ இன்று ஏராளமாக வளர்க்கப்படுகிறது. ஆகவே பூ அழிந்துவிடாது, கவலை வேண்டாம் என்று சிலர் கூறுவர். பூ இருக்கும், ஆனால் அது யாருக்காகப் பூக்கும்? இரவிலே மணம் பரப்பி, ஓரடி ஆழத்திலே தேனை வைத்து, கண்ணாடிக்குள் என்றும் வராத ஒரு பூச்சியை எதிர்நோக்கி அது விரிந்திருக்கும். அதைப் பார்த்து நாம் அழகென்போம். மடகஸ்காரின் கிழக்குக் கரையில் அந்தப் பூச்சி பறக்கும் காடும் இருக்கவேண்டும். அக்காட்டின் ஓரத்தில் குடியிருப்பவனின் வீட்டிலே இரவுச் சோறும் இருக்கவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர்கள் இரண்டையும் காக்கப் போவதில்லை.